நிரந்தர வசிப்பாளர்

கோலாலம்பூர், பினாங்குத் தமிழர் வீடுகளில் 'சிவப்பு ஐசி' (சிவப்பு அடையாள அட்டை) என்றும் அலுவலகங்களில் 'பி.ஆர்.' ('பெர்மனன்ட் ரெசிடென்ட்' என்பதன் சுருக்கம்) என்றும் வழங்குவது ஒரே தகுதியைத்தான். மலேசியக் குடிமகனாகாமல், காலவரையறையின்றி இந்நாட்டில் தங்கி வாழ அனுமதி பெற்றவரை அது குறிக்கும். 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின்கீழ் 'பெர்மிட் மாசோக்' என்னும் நுழைவு அனுமதி கிடைத்தபின், தேசியப் பதிவு இலாகா அவருக்கு மைபிஆர் எனப்படும் சிவப்பு அட்டையை வழங்குகிறது.

மலாயில் இவரைப் 'பெமஸ்தாவுத்தின் தெத்தாப்' என்பர். 'தெத்தாப்' என்றால் நிலையான என்று பொருள். 'மஸ்தாவுத்தின்' அரபியிலிருந்து வந்த சொல். தாயகத்தைக் குறிக்கும் 'வத்தன்' அதன் வேர். ஆகவே, ஓரிடத்தைத் தன் மண்ணாக்கிக்கொண்டு தங்கிவிட்டவர் என்னும் அழகிய பொருள் அதனுள் இருக்கிறது. ஆங்கில 'ரெசிடென்ட்' அமர்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து பிறந்தது.

தமிழில் இதனை 'நிரந்தரக் குடியுரிமை' என்று எழுதும் வழக்கம் செய்திகளிலும் பேச்சிலும் வேரூன்றிவிட்டது. இது பிழை; படிப்பவருக்குத் தீங்கு விளைவிக்கக்கூடிய பிழை. குடியிருப்பு, குடியேற்றம், குடிநுழைவு, குடியுரிமை ஆகிய எல்லாவற்றிலும் 'குடி' இருப்பதால் மயக்கம் எளிதில் நேர்கிறது. ஆனால் குடியுரிமை என்பது நாட்டின் உறுப்பினராகும் உரிமை. சிவப்பு அட்டை தருவதோ தங்கும் உரிமை மட்டுமே. அந்த அட்டை உடையவர் தனி வேலை அனுமதியின்றி வேலை செய்யலாம். ஊழியர் சேமநிதியிலும் அவர் பெயரில் சந்தா செலுத்தப்படும். மலேசிய அரசமைப்புச் சட்டத்தில் உயிர், தன்னுரிமை பற்றிய 5ஆவது விதியும், சட்டத்தின்முன் சமத்துவம் பற்றிய 8ஆவது விதியின் முதற்கூறும் 'எவரும்' என்றே பேசுவதால், அவருக்கும் பொருந்துகின்றன. எனினும் 119ஆவது விதி தரும் வாக்குரிமை அவருக்கு இல்லை. மலேசியக் கடப்பிதழும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நாட்டைவிட்டு வெளியேற்றப்படாமல் காக்கும் 9ஆவது விதி குடிமக்களுக்கு மட்டுமே உரியது. 'நிரந்தரம்' என்ற சொல்லை நம்பியிருப்பவர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

எனவே 'நிரந்தர வசிப்பாளர்', 'நிரந்தர வசிப்பிடத் தகுதி' என்பனவே பொருத்தமானவை. 'நிரந்தரம்', 'வசி' இரண்டும் வடமொழி வழிவந்தவை என்பதால் தனித்தமிழ் விரும்புவோர் 'நிலையுறைவாளர்', 'நிலையுறைவுத் தகுதி' எனலாம். உறைதல் தங்கி வாழ்தலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். செய்திக்கு முன்னது போதும் என்பது என் கருத்து, ஏனெனில் விண்ணப்பம் நிரப்பும் முதியவருக்கு அது உடனே விளங்கும்.

அந்த முதியவரின் அட்டையைச் சற்று உற்றுப் பார்க்கலாம். பன்னிரண்டு இலக்க எண்ணின் நடுவிலுள்ள இரண்டு இலக்கங்கள் பிறந்த இடத்தைக் காட்டும்: பினாங்குக்கு 07, சிலாங்கூருக்கு 10. சிலாங்கூர்த் தோட்டமொன்றில் பிறந்தவரின் எண்ணில் 10 இருக்கும். அவர் குடிமகனாகாதிருந்தால், அட்டையின் நிறமோ சிவப்பாக இருக்கும். 1957 ஆகஸ்டு 31க்கு முன் கூட்டரசில் பிறந்த இத்தகையோருக்கு அரசமைப்பின் 16ஆவது விதி, குடிமக்களாகப் பதிவு பெறத் தனி வழி வகுத்துள்ளது. விண்ணப்பத்துக்கு முந்திய ஏழாண்டுகளில் மொத்தம் ஐந்தாண்டுகளேனும் இங்கு வாழ்ந்திருப்பதும், இங்கேயே நிலைத்து வாழும் எண்ணமும், நன்னடத்தையும், மலாய்மொழி அறிவும் அதற்குரிய தகுதிகள். இவ்வாறு பதிவு பெற்றபின் கிடைக்கும் நீல அட்டையைத்தான் குடியுரிமை என்று எழுத வேண்டும்.