தவறணையை உணவகமாக்கப் போகிறீர்களா? முதலில் தரையைத் தட்டிப் பாருங்கள்

போன வருடம் மாங்குளம் பக்கத்தில் ஒரு பழைய கள்ளுத் தவறணையை உணவகமாக மாற்றும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். தமையன் கனடாவில், காசு அவருடையது. கடையை நடத்தப் போகிறவர் தம்பி. நான் போனபோது ரைல்ஸ் பெட்டிகள் வாசலில் இறங்கியிருந்தன. "அண்ணை, ஒரு மாசத்துக்குள்ள திறக்க வேணும். ரைல்ஸ் ஒட்டி, சீலிங் அடிச்சுவிட்டால் சரிதானே?" என்றார் தம்பி. பதில் சொல்லாமல் சுத்தியல் பிடியால் தரையைத் தட்டினேன். பாதி இடத்தில் பொக்கென்று சத்தம் வந்தது.

பழைய வீட்டுக்கும் பழைய தவறணைக்கும் உள்ள வித்தியாசமே இந்தத் தரைதான். கள் புளிக்கும், மேலும் விட்டால் காடியாகும். வினாகிரியில் இருக்கிற அதே அசற்றிக் அமிலம் அதிலும் இருக்கிறது. சீமெந்தின் பிடிப்பு சுண்ணாம்புச் சத்தில் இருப்பதால் அமிலம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். எத்தனையோ வருடமாகச் சிந்திய கள்ளும், முட்டி கழுவி ஊற்றிய தண்ணீரும் ஊறின தரை பார்க்கக் கறுப்பாக, இறுகினதுபோலத்தான் இருக்கும். ஆணியால் கீறினால் மாவாக வரும். அதன்மேல் எவ்வளவு விலையான ரைல்ஸ் ஒட்டினாலும், அது பிடித்திருப்பது அந்த மாவில்தான். முதல் மாரியில் நிலத்து ஈரம் மேலே ஏறும்போது ஓரம் கிளம்பும். கிளம்பின இடுக்கில் கழுவிய தண்ணீர் தேங்கும், கரப்பான் குடியேறும். புளித்த வாடையும் போகாது. பிரியாணி வாசத்துக்கு மேலால் அது வரும், நம்புங்கள்.

அதனால் நல்ல அடுக்கு வரும்வரை தரையை உடைத்தெடுக்கச் சொன்னேன். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. மண்ணை இறுக்கி, தடித்த பொலித்தீன் விரித்து, 4 அங்குலக் கொங்கிறீற் போட்டு, 7 நாளாவது ஈரச்சாக்கு மூடி வைத்தோம். சமையலறைப் பக்கம் 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் கொடுத்து வடிகாலுக்கு விட்டோம். ரைல்ஸ் இடுக்குக்குச் சாதாரண சீமெந்துப் பூச்சு வேண்டாம், எபொக்சி போடுங்கள். தேசிக்காய்ப்புளியும் பழப்புளியும் தினமும் சிந்துகிற இடமல்லவா.

அடுத்தது நம் வன்னிக்கே உரிய விஷயம். போர் முடிந்த 2009க்கு முன்பு கட்டிய கட்டடம் என்றால் அது எரிந்ததா, ஷெல் விழுந்ததா என்று அயலில் விசாரியுங்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு அவசரமாகப் பூசி மறைத்த தூண்கள் நிறைய உண்டு. கொங்கிறீற் 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறியிருந்தால், போட்ட கல்லைப் பொறுத்து உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும். ஒரு மூலையில் பூச்சை உரித்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். நிறம் மாறியிருந்தாலோ கம்பி துருவேறி வீங்கியிருந்தாலோ ஒரு பொறியியலாளரைக் கூப்பிடுங்கள், மேசனிடம் விட வேண்டாம். அதற்கு முன் மேல்மாடி இருக்கைப் பேச்சே எடுக்காதீர்கள்.

கூரையில் அஸ்பெஸ்டஸ் சீற் இருந்தால் கிரைண்டரால் வெட்டக் கூடாது, உலர்ந்தபடி தேய்த்துக் கழுவவும் கூடாது. நன்றாக நனைத்து, ஆணி கழற்றி, முழுச் சீற்றாக இறக்க வேண்டும். அந்தத் தூசு நுரையீரலில் தங்கினால் புற்றுநோய் வரலாம். அது தெரிய வருவதற்கே பல பத்து வருடங்கள் ஆகும். வேலைக்கு வருகிற பெடியன்கள் துவாயை மூக்கில் கட்டினால் போதுமென்று நினைக்கிறார்கள், போதாது. பனைமரத் தீராந்தியும் சிலாகையும் கறையான் தின்னாமல் இருந்தால் தயவு செய்து கழற்றாதீர்கள். இவ்வளவு அழகான பழைய வைரத்தைச் சீலிங் போட்டு மறைப்பது எனக்குப் பொறுக்காது.

காஸ் சிலிண்டரை வெளியே, காற்றோட்டமான கூட்டில் வையுங்கள். அந்த வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் நிலத்தோடு படுத்திருக்கும். யன்னல் மட்டும் திறந்திருந்தால் போதாது, தரையோடு துவாரம் வேண்டும். மின்சாரத்தில், கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கிற ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியர் கசிவில் விழுகிறதா என்று பார்த்தால் என் பங்கு முடிந்தது.

அனுமதி விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். தவறணைக்கு இருந்த மதுவரி அனுமதிப்பத்திரம் கட்டடத்தோடு சேர்ந்து உங்களுக்கு வராது. அது பெற்றவருக்கும் அந்த வியாபாரத்துக்கும் உரியது. உணவகத்தில் பியர் விற்க வேண்டுமென்றால் மதுவரித் திணைக்களத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பிரதேச சபையில் பாவனை மாற்ற அனுமதி, வியாபார உரிமம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வை, இவையெல்லாம் வரைபடம் கையிலிருக்கும்போதே தொடங்க வேண்டியவை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ் பரிசோதகர் கேட்பதைக் கட்டின பிறகு கேட்டால், சுவர்தான் இடிபடும்.

பழைய தவறணைகளில் நான் பார்த்தவரை பெண்களுக்குக் கழிவறையே இல்லை, பின்வேலிதான் எல்லாம். குடும்பமாக ஆட்கள் வர வேண்டுமென்றால் முதல் செலவு அங்கேதான். சமையலறைக் கழிவுநீர் கொழுப்புத் தொட்டியில் தங்கிப் போகட்டும். நேரே ஊறுகுழிக்கு விட்டால் எண்ணெய் மண்ணை அடைத்துவிடும். குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதைப் பரிசோதகரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கிணற்றுத் தண்ணீரை நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள். எங்கள் பக்கம் தண்ணீர் கடினம், கேத்தலைப் பார்த்தாலே தெரியும்.

அந்த வேலையில் குழி வெட்டும்போது மூன்றடியில் மண்வெட்டி இரும்பில் பட்டது. வெட்டினவர் அதைக் கிளப்பிப் பார்க்கக் குனிந்தார், வெடிக்காத குண்டாக இருக்கலாம் என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். எல்லோரையும் வெளியே வரச் சொல்லி, பொலிசின் 119க்கு எடுத்தோம். ஆட்கள் வந்து அதை அகற்றிப் போக இரண்டு கிழமை. குழியை வேறு இடத்தில் வெட்டினோம். கடை ஐந்தாம் மாதம்தான் திறந்தது. வாசலில் இறங்கின ரைல்ஸில் எட்டுப் பெட்டி அதுவரை மழையில் நனைந்துகொண்டே கிடந்தது.