ஸ்கேன் படத்தை விட்டுவிட்டு நோட்டுப் புத்தகங்களைக் கொண்டு வாருங்கள்

முசிறிப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து என் ஆலோசனை அறைக்கு வந்திருந்த அந்த அம்மா உட்கார்ந்ததும் மேசையில் எடுத்து வைத்தது தலை ஸ்கேன் படமும் மூளை அலைகளைப் பதிந்த ஈ.ஈ.ஜி. காகிதங்களும்தான். "மூளையில ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க மேடம். அப்புறம் ஏன் இவன் படிக்க மாட்டேங்கிறான்?" பையன் ஆறாம் வகுப்பு. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வலிப்பு போன்ற வேறு சந்தேகம் இருந்தால் ஸ்கேனும் ஈ.ஈ.ஜி.யும் தேவைதான். ஆனால் ஏ.டி.எச்.டி. (கவனச் சிதறல் அல்லது அடங்காத துறுதுறுப்பு), ஆட்டிசம் (பிறரோடு பழகுவதிலும் பேச்சிலும் வரும் வளர்ச்சி வேறுபாடு), கற்றல் குறைபாடு ஆகிய மூன்றையும் எந்த ஸ்கேனும், எந்த ரத்தப் பரிசோதனையும் உறுதிப்படுத்தாது. பல ஆயிரம் செலவு செய்துவிட்டு வருபவர்களிடம் இதைச் சொல்வதுதான் எனக்குச் சங்கடமான வேலை. நல்லவேளையாகப் பையனின் பள்ளிப் பை கூடவே வந்திருந்தது. அதைத் திறக்கச் சொன்னேன்.

அறிவியல் நோட்டு முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. கரும்பலகையைப் பார்த்து எழுதியது. "இதைக் கொஞ்சம் படி தம்பி" என்றதும் குனிந்துகொண்டான். தான் எழுதியதையே அவனால் படிக்க முடியவில்லை. எழுத்துகளைப் படம் போலப் பார்த்து வரைந்திருக்கிறான். தமிழ் டிக்டேஷன் நோட்டில் 'பள்ளிக்கூடம்' என்பது 'பல்லிகுடம்' ஆகியிருந்தது, 'கொக்கு' 'கெக்கு' ஆகியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'கவனம் தேவை'. கணக்கு நோட்டில் கூட்டல், பெருக்கல் எல்லாம் சரி. கதை மாதிரி எழுதியிருக்கும் கணக்குகளுக்கு மட்டும் விடை இல்லை. அதில் ஒன்றை நான் வாசித்துக் காட்டினேன். முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டான்.

தமிழ்ப் புத்தகத்தில் ஒரு செய்யுளைப் படிக்கச் சொன்னபோது தடங்கலில்லாமல் வந்தது. அம்மா முகத்தில் ஒரு நிம்மதி. ஆனால் அவன் விரல் இரண்டாவது வரியில் நிற்க, வாய் நான்காவது வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது மட்டும் என்ன?" என்றேன். பதிலில்லை. ஐந்து வருடமாகக் காதால் கேட்டு மனப்பாடம் செய்தே வகுப்பைத் தாண்டி வந்திருக்கிறான். சோம்பேறியால் முடிகிற காரியமா இது?

அன்றைக்கே நான் 'டிஸ்லெக்சியா' (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) என்று சொல்லி அனுப்பவில்லை. முதலில் கண், காது இரண்டையும் பரிசோதித்து வரச் சொன்னேன். கண்ணாடி போட்டதுமே பாதிப் பிரச்சினை தீர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிறகு நுண்ணறிவுச் சோதனை. 'மந்தமா, புத்திசாலியா' என்று முத்திரை குத்த இதைச் செய்வதில்லை. பொதுவான அறிவுத்திறன் நன்றாக இருந்தும் வாசிப்பு மட்டும் பின்தங்குகிறதா என்று பிரித்துப் பார்க்கத்தான். அதற்கப்புறம் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். இந்தியாவில் பெரும்பாலும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைப் பயன்படுத்துகிறோம். பிள்ளை எந்த மொழியில் படிக்கிறதோ அந்த மொழியிலும் பார்க்க வேண்டும். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையை ஆங்கிலப் பத்தி ஒன்றைப் படிக்க வைத்து முடிவு எழுதிய அறிக்கைகள் என் கைக்கு வருகின்றன. அவற்றை நான் மதிப்பீடு என்று எடுத்துக்கொள்வதில்லை. பள்ளிக்கே ஒழுங்காகப் போகாத பிள்ளையின் வாசிப்பு பின்தங்கியிருந்தால் அதுவும் வேறு கதை.

இதெல்லாம் இரண்டு மூன்று அமர்வுகள் பிடிக்கும். காலை நேரம் வாங்குங்கள், சாப்பிட வைத்துக் கூட்டி வாருங்கள். "ஊசி போடுவாங்க" என்று மட்டும் பயமுறுத்தாதீர்கள். இருபது நிமிடத்தில் ஒரு படிவத்தை டிக் அடித்துவிட்டு யாராவது நோயின் பெயர் சொன்னால் வேறு இடம் பாருங்கள். மருத்துவ உளவியலாளருக்கும் சிறப்பாசிரியருக்கும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்பது அவமரியாதை இல்லை. கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் போகவேண்டிய அவசியமும் இல்லை.

'தமிழ் எழுதியபடியே படிக்கிற மொழி, டிஸ்லெக்சியா எல்லாம் ஆங்கிலத்துக்குத்தான்' என்று ஆசிரியர்களே என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டல் தாறுமாறானது என்பதால் சிக்கல் அதில் முதலில் தெரியும், வாஸ்தவம்தான். ஆனால் தமிழில் 'கல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் ஒரே 'க' மூன்று விதமாக ஒலிக்கிறது. 'கொ' என்று எழுதும்போது பின்னால் ஒலிக்கிற உயிருக்கான குறி எழுத்துக்கு முன்னும் பின்னும் நிற்கிறது. போதாததற்கு ல, ள, ழ. பெரியவர்களான நமக்கே இந்த மூன்றில் தடுமாற்றம் உண்டு என்பதற்குக் கடைத்தெருப் பெயர்ப்பலகைகள் சாட்சி.

ஏ.டி.எச்.டி. விஷயத்தில் நானே சறுக்கியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஐந்தாம் வகுப்புப் பெண் குழந்தை ஒருத்தியை அழைத்து வந்தார்கள். அமைதியானவள், கேட்டதற்குத் தன்மையாகப் பதில் சொன்னாள். 'கொஞ்சம் கனவு காண்கிறாள், சரியாகிவிடும்' என்று அனுப்பிவிட்டேன். பதினொன்றாம் வகுப்பில் தூக்கமில்லாமல், பதற்றத்தோடு, 'என்னால எதையும் முடிக்க முடியல மேடம்' என்று திரும்பி வந்தாள். ஓடாமல் ஆடாமல் கவனம் மட்டும் சிதறுகிற வகை அவளுடையது. பெண் பிள்ளைகளில் இது அடிக்கடி தப்பிப் போகிறது. வகுப்பில் தொந்தரவு தராத பிள்ளையைப் பற்றி யாரும் புகார் செய்வதில்லையே. அன்றைக்கு நான் அவளுடைய நோட்டுகளைக் கேட்டிருக்க வேண்டும். பாதியில் நின்ற வாக்கியங்கள் சொல்லியிருக்கும்.

துறுதுறுவென்று இருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் ஏ.டி.எச்.டி. இல்லை. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என்று ஒரு இடத்துக்கு மேல் தெரிய வேண்டும். அதனால்தான் ஆசிரியரிடமும் படிவம் கொடுத்து நிரப்பி வாங்குகிறோம். 'டிவி முன்னாடி ரெண்டு மணி நேரம் அசையாம உட்காருறானே?' என்று அப்பாக்கள் கேட்பார்கள். டிவி நொடிக்கு நொடி மாறி அவனைப் பிடித்து வைக்கிறது. வாய்ப்பாட்டைப் பிடித்து வைக்க வேண்டியது அவனேதான், சிரமம் அங்கேதான். மருந்து என்றதும் 'தூங்க வச்சுடுவாங்க' என்ற பயம் வேறு. மெத்தில்ஃபெனிடேட் தூக்க மருந்தே இல்லை, தூண்டும் வகை மருந்து. பசியைக் குறைக்கும் என்பதால் எடையையும் உயரத்தையும் அவ்வப்போது மனநல மருத்துவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான்.

ஆட்டிசத்துக்கு நோட்டு கிடையாது, குழந்தைக்கு ஒன்றரை வயதுதான் ஆகியிருக்கும். அந்த வயதில் நான் கேட்கும் கேள்வி நிலாவைப் பற்றியது. சோறு ஊட்டும்போது "அதோ நிலா பாரு" என்று விரல் நீட்டினால் குழந்தை நிலாவைப் பார்க்கிறதா? பார்த்துவிட்டு 'நீயும் பார்த்தியா?' என்பது போல உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? தானாக விரல் நீட்டிக் காக்காயைக் காட்டுகிறதா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை போனில் பாட்டுச் சத்தம் கேட்டதும் ஓடி வருகிறதா? இவை ஆட்டிசத்தை உறுதிசெய்யும் சோதனைகள் இல்லை, ஆனால் உடனே குழந்தை மருத்துவரிடம் போகப் போதுமான காரணங்கள். 'ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசுவான், அவங்க அப்பாவும் அப்படித்தான்' என்று பாட்டி சொல்வார். நாக்கில் வசம்பு தேய்ப்பார்கள், திருக்கோலக்காவுக்கு வேண்டிக்கொள்வார்கள். கோயிலுக்குத் தாராளமாகப் போய் வாருங்கள், அதே வாரத்தில் காது பரிசோதனைக்கும் நேரம் வாங்கிவிடுங்கள். முடிவு உறுதியாகும்வரை பேச்சு, பழகுதல் போன்ற பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஸ்டெம் செல் (குருத்தணு) சிகிச்சையில் குணமாக்குகிறேன் என்பவர்களிடம் மட்டும் நிலத்தை அடகு வைத்துப் போகாதீர்கள். ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கத்தக்கது இல்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது.

செலவுக்குப் பயந்து நிற்பவர்களுக்கு: மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். சென்னைக்கருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

சான்றிதழ் சமாச்சாரம் தனி. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு, என்ன செய்ய? கற்றல் குறைபாட்டுக்கு 2018-இல் வந்த வழிகாட்டுதல் எட்டு வயதிலிருந்து சான்றும், 14, 18 வயதுகளில் மறுமதிப்பீடும் சொன்னது. 2024-இல் புது வழிகாட்டுதல் வந்திருப்பதால் இப்போதைய விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். சான்று இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், 'சொல்வதை எழுதுபவர்', ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடி வராதீர்கள்.

முசிறிப் பையனுக்கு வருவோம். கற்றல் குறைபாடுதான் என்று உறுதியானது. அறிக்கையை பீரோவில் வைத்துப் பூட்டத்தான் அந்த அம்மா நினைத்தார். "ஸ்கூல்ல சொன்னா ஒதுக்கிடுவாங்க மேடம், நாளைக்கு அக்காவுக்கு வரன் பாக்கணும்." அந்தப் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. அதனால் பள்ளிக்கு முழு அறிக்கையைத் தராமல் ஒரு பக்கக் கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்தேன். வகுப்பில் எழுந்து நின்று உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டாம். கேள்வித்தாளை யாராவது ஒருமுறை வாசித்துக் காட்டட்டும். அறிவியலில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். பாதிக் கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லட்டும். வீட்டில் தினம் இருபது நிமிடம் அரிசித் தட்டில் விரலால் எழுதி, ஒலியைச் சேர்த்துச் சொல்லிப் பழக வேண்டும். ல, ள, ழ மூன்றுக்கும் மூன்று நிறம். வாரம் இரண்டு நாள் சிறப்பாசிரியர்.

நான்கு மாதம் கழித்து வந்தபோது ஸ்கேன் படம் வரவில்லை, பை மட்டும் வந்தது. 'கொக்கு' சரியாகிவிட்டது, 'பள்ளிக்கூடம்' இன்னும் 'பள்ளிகூடம்'. ஒரு 'க்'தான் பாக்கி. அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதே சிவப்பு மையில் ஆசிரியர் எழுதியிருந்தார்: 'வாயால் சொன்னான். 8/10.'