பட்டினி கிடக்கும் பற்றரி

நிலாவெளிக் கரையில் இருந்து புறாமலைத் தீவுக்கு ஆள் ஏற்றும் ஃபைபர் படகு ஒன்று என் ஒன்றுவிட்ட அண்ணனிடம் இருக்கிறது. போன சீசனில் மட்டும் இரண்டு பற்றரி மாற்றினார். மூன்றாவதும் ஒரு நாள் விடியக்காலையில் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிட்டது. லைஃப் ஜாக்கெட் போட்டபடி ஒரு குடும்பமே மணலில் காத்து நிற்கிறது. "கிட்டத்தில தானே ஓடுறன் தம்பி, அதுதான் சார்ஜ் ஏறுதில்லை" என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. புறாமலை கரையில் இருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட்டர் 100 அம்பியர் இழுத்து 3 செக்கன் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 300. ஓடும் என்ஜின் 5 அம்பியர் திருப்பிக் கொடுத்தாலே 60 செக்கனில் அந்தக் கடன் தீர்ந்துவிடும். வீணாவதையும் சேர்த்தால் இரண்டு நிமிடம் என்று வையுங்கள். மலையடிக்குப் போய்ச் சேரும் முன்பே கணக்கு நேராகிவிட வேண்டும். அப்படியானால் அந்த 5 அம்பியர் எங்கே போகிறது?

படகின் பின்பக்கத்தில் மாட்டும் அவுட்போர்ட் என்ஜினின் மூடியைத் தூக்கினால் மேலே தெரியும் கனத்த சக்கரம் ஃப்ளைவீல். அதன் உள்விளிம்பில் காந்தங்கள் இருக்கும். அடியில் அசையாமல் இருக்கும் செம்புச் சுருள்கள்தான் ஸ்டேட்டர். காந்தம் கடந்து போகும்போதெல்லாம் சுருளில் மின்சாரம் பிறக்கும். விஞ்ஞானி ஃபரடே 1831இல் கண்டது இதைத்தான். வடமுனையும் தென்முனையும் மாறி மாறி வருவதால் அந்த மின்சாரமும் முன்னும் பின்னுமாக அலையும். பற்றரிக்கு அது ஆகாது. அதனால் நடுவில் ரெக்டிஃபையர் இருக்கிறது. அதற்குள் இருக்கும் டயோடுகள் மீன் கூட்டின் வாய் மாதிரி: உள்ளே போகலாம், திரும்ப முடியாது. அதோடு சேர்ந்த ரெகுலேட்டர், வோல்ட் 14.5 அளவைத் தாண்டாமல் பிடித்து வைக்கும்.

நிறைந்த 12 வோல்ட் பற்றரி ஓய்வில் 12.6 அல்லது 12.7 காட்டும். அதற்குள் மின்சாரத்தைத் தள்ள வேண்டுமென்றால் தள்ளுகிற பக்கம் அதைவிட உயர்ந்திருக்க வேண்டும். அதனால்தான் என்ஜின் ஓடும்போது பற்றரி முனையில் 14 வோல்ட் பக்கத்தில் எதிர்பார்க்கிறோம்.

அன்று காலை மீற்றரை வைத்துப் பார்த்தபோது அண்ணனின் பற்றரி ஓய்வில் 12.2 காட்டியது, அதாவது பாதிதான் இருந்தது. வேறொரு படகின் பற்றரியால் என்ஜினை ஸ்டார்ட் பண்ணி, சொந்தப் பற்றரியோடு சேர்த்து முறுக்கிப் பார்த்தோம். 12.5க்கு மேல் அசையவில்லை.

உடனே அண்ணனின் கை பற்றரி வயரைக் கழற்றப் போனது. "விடுங்கோ அண்ணே!" என்று கத்திவிட்டேன். ஓடுகிற என்ஜினில் பற்றரியைக் கழற்றிவிட்டு, நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பது நம் கரைகளில் பழைய வழக்கம். ஆனால் பற்றரி இருக்கும்வரை அதுதான் மெத்தை. அதை எடுத்த கணத்தில் வோல்ட் எகிறி டயோடும் ரெகுலேட்டரும் கருகிப் போகலாம். இல்லாத பழுதை நாமே உண்டாக்கிய மாதிரி ஆகிவிடும்.

மீற்றரின் சிவப்பு முனையை ரெக்டிஃபையரில் இருந்து வரும் சிவப்பு வயரில் வைத்தேன். 14.2! மின்சாரம் பிறக்கிறது, வழியில் 1.7 வோல்ட் தொலைகிறது. (அங்கேயும் வோல்ட் இல்லையென்றால் ஸ்டேட்டரின் மஞ்சள் வயர்களைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும். எங்களுக்கு அந்த வேலை மிச்சம்.)

தடித்த கேபிளில் குறை இருக்க முடியாது. இருந்தால் 100 அம்பியர் கேட்கும் ஸ்டார்ட்டர் சுற்றியே இராது. மிஞ்சுவது அந்த மெல்லிய சிவப்பு வயரும் அதன் நடுவில் உள்ள ஃபியூஸ் கூடும். "அதை முந்தாநாளே பார்த்திட்டன். பீப் அடிச்சது" என்றார் அண்ணன். அங்கேதான் மீற்றர் ஏமாற்றிவிட்டது. வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் பீப் சோதனைக்கு மீற்றர் அனுப்புவது மில்லியம்பியர் கணக்கில். ஒற்றை இழை மிஞ்சியிருந்தாலும் அது போய்வந்துவிடும். 5 அம்பியருக்கு நிலைமை வேறு: வழியில் 0.34 ஓம் தடை இருந்தாலே 5 × 0.34 = 1.7 வோல்ட் அங்கேயே சூடாகிப் போய்விடும். என்ஜினை ஓட விட்டு, மீற்றரின் ஒரு முனையை வயரின் இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் வைத்துப் பார்ப்பதுதான் சரியான வழி. கையும் சாரமும் ஃப்ளைவீலுக்கு எட்டத்தில் இருக்கட்டும்.

ஃபியூஸில் ஒரு கீறல் இல்லை. கூட்டின் வாலில் வயரை வெட்டிப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு, விரல் பட்டதும் பொடியாய்க் கொட்டியது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இழைகளுக்கு நடுவே அந்த உப்புத் தண்ணீர் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல் ஏறும். வெளியே ரப்பர் பளபளவென்றுதான் இருக்கும்.

ஈயம் பூசிய செம்பு வயர் ஒரு துண்டு, தண்ணீர் புகாத ஃபியூஸ் கூடு ஒன்று. மாற்றியதும் பற்றரி முனையில் 14.1.

வாடியில் மூலையில் போட்டிருந்த பழைய பற்றரிகள் இரண்டையும் இரவு முழுக்க மெதுவாகச் சார்ஜில் போட்டோம். பாதிச் சார்ஜில் கிடக்கும் பற்றரியில் ஈயத் தகடுகள் மேல் சல்பேட்டுப் படிகங்கள் இறுகிவிடும், பிறகு கரைக்க முடியாது. ஒன்று அப்படிப் போய்விட்டிருந்தது. மற்றது இப்போது வாடியில் இரவு விளக்குக்கு.