சிம்பாலிசம் என்றால் குறியீட்டியம், குறியீட்டியம் என்றால்?

ஐரோப்பிய ஏல நிறுவனங்களின் பட்டியல்களில் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைப் புரட்டினால் ‘சிம்பாலிஸ்ட்’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். கண்ணை மூடிய பெண், கரியில் வரைந்த சிரிக்கும் சிலந்தி, தந்தத்தில் செதுக்கிய ஸ்பிங்ஸ் என்று ஒன்றோடொன்று ஒட்டாத பலவற்றின் தலையிலும் அதே சொல்தான். இம்ப்ரெஷனிசம் என்றால் தூரிகைத் தடத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். சிம்பாலிசத்துக்கு அப்படி ஒரு கைத்தடம் கிடையாது. குஸ்தாவ் மோரோ நகைக்கடை போல இழைத்து இழைத்து வரைந்தவர். எட்வர்ட் மூங்க் வண்ணத்தைக் கிட்டத்தட்ட வழியவிட்டவர். இருவரையும் ஒரே பெயருக்குள் அடக்குவது பாணி அல்ல, நோக்கம். அதனால் இந்த வகைப் படைப்புகளைச் சேகரிக்க நினைப்பவர் முதலில் சொல்லைப் புரிந்துகொள்வது நல்லது.

கிரேக்கத்தில் ‘சிம்பொலோன்’ என்பதன் வேர் ‘சிம்பல்லேய்ன்’. சேர்த்து எறிதல், ஒன்றாக இணைத்தல் என்று பொருள். விருந்தினரும் விருந்தளித்தவரும் ஓர் எலும்புத் துண்டையோ மண் வில்லையையோ உடைத்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். பின்னாளில் அவர்களோ அவர்கள் பிள்ளைகளோ சந்திக்கும்போது இரண்டு பாதிகளும் பொருந்தினால் உறவு உறுதி. அந்தப் பாதித் துண்டுதான் சிம்பொலோன். இதற்கு எதிர்ப்பக்கம் ‘தியபல்லேய்ன்’, குறுக்கே எறிதல், அவதூறு சொல்லிப் பிரித்தல். சாத்தானைக் குறிக்கும் ‘தியபோலோஸ்’ அதிலிருந்து வந்தது. பெல்ஜிய ஓவியர் ஃபெலிசியான் ராப்ஸ் சாத்தானை வரைந்து தள்ளியவர். இந்த உறவு தெரிந்திருந்தால் ரசித்திருப்பார்.

இயக்கத்துக்குப் பெயர் வைத்தவரும் கிரேக்கரே. ஏதென்சில் பிறந்து, பாரிசில் ழான் மொரெயாஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட கவிஞர். 1886 செப்டம்பர் 18 அன்று ‘லெ ஃபிகாரோ’ நாளிதழில் அவருடைய அறிக்கை வெளியானது. கருத்துக்குப் புலன்களால் உணரத்தக்க ஆடை உடுத்துவதே கவிதையின் வேலை, ஆனால் அந்த ஆடையே முடிவாகிவிடக் கூடாது என்பது அதன் சாரம். பேச்சு முழுக்கக் கவிதையைப் பற்றித்தான். ஓவியத்துக்கு இந்தப் பெயரை முறையாகக் கொண்டுவந்தவர் அல்பேர் ஒரியே என்ற இளம் விமர்சகர். 1891இல் ‘மெர்க்யூர் த ஃபிரான்ஸ்’ இதழில் ஓவியர் பால் கோகேன் பற்றிய கட்டுரையில் அதைச் செய்தார்; மறு ஆண்டே 27 வயதில் இறந்துபோனார்.

வேடிக்கை என்னவென்றால், பெயர் வருவதற்கு முன்பே சேகரிப்பாளர் வந்துவிட்டார், அதுவும் ஒரு நாவலில். ஹுய்ஸ்மான்ஸ் 1884இல் எழுதிய ‘ஆ ரெபூர்’ நாவலின் நாயகன் தெ ஸெஸேந்த், உலகத்தை வெறுத்து வீட்டுக்குள் அடைந்துகொள்ளும் பிரபு. சுவரில் மோரோவின் சலோமே ஓவியங்கள், பக்கத்தில் ஓதிலோன் ரெதோனின் கரிச்சித்திரங்கள். ரெதோனின் பெயர் இலக்கியவாதிகளிடையே பரவியதில் இந்தக் கற்பனைப் பிரபுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, தமிழுக்கு வருவோம். குறியீட்டியம், குறியீட்டுவாதம், குறியீட்டியல் ஆகிய மூன்றும் புழக்கத்தில் உள்ளன. ‘இயல்’ என்றால் துறை, படிப்பு. குறியியல் என்று குறிகளை ஆராயும் துறை ஒன்று இருக்கும்போது ‘குறியீட்டியல்’ அதோடு குழம்பும். ‘வாதம்’ கொள்கைச் சண்டையை நினைவூட்டுகிறது. மார்க்சியம், பெண்ணியம் என்று பழகிய காதுக்குக் ‘குறியீட்டியம்’ இயல்பாகவே பொருந்துகிறது. குறியீட்டிய ஓவியர், குறியீட்டியக் காலம் என்று அடைமொழியாகவும் வளைகிறது. என் தேர்வு அதுதான்.

ஆனால் ‘குறியீடு’ என்ற பகுதியில் ஒரு சிக்கல். அஞ்சல் குறியீடு, வேதியியல் குறியீடு, கணிதக் குறியீடு என்று நாம் சொல்லும்போது ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு இருக்கிறது. இந்த எழுத்து என்றால் இந்தத் தனிமம். குறியீட்டியர்கள் வெறுத்தது இந்தக் கணக்கைத்தான். தராசு என்றால் நீதி, மண்டையோடு என்றால் மரணம் என்று பட்டியல் போட்டு வரைவது பழைய கல்விக்கழக ஓவியர்களின் உருவக முறை. பொருளைப் பெயர் சொல்லிவிட்டால் இன்பத்தில் முக்கால் பங்கு போய்விடும், சுட்டிக்காட்டாமல் உணர்த்துவதே கனவு என்று 1891இல் ஒரு பேட்டியில் சொன்னார் பிரெஞ்சுக் கவிஞர் மல்லார்மே. ஃபெர்னாண்ட் க்னோப்ஃபின் 1896ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றில், சிறுத்தை உடல் கொண்ட பெண் ஓர் இளைஞனின் கன்னத்தோடு கன்னம் வைத்திருக்கிறாள். பிரஸ்ஸல்சில் இருக்கிறது. அது ஆசையா, அதிகாரமா, கலையா? ஒரே விடை கிடைத்துவிட்டால் அந்த ஓவியம் தோற்றுவிட்டது என்று அர்த்தம்.

இந்த மனப்பாங்குக்கு நம்மிடம் நெருங்கி வரும் சொல் சங்கக் கவிதையின் உள்ளுறை. தலைவனைப் பற்றி நேரே பேசாமல், வயலில் மேயும் எருமையையோ பொய்கை ஆமையையோ சொல்லி நிறுத்திக்கொள்ளும் முறை. ஆனாலும் அதையே இயக்கத்தின் பெயராக்க முடியாது. உள்ளுறைக்குத் திணை, கருப்பொருள் என்று புலவரும் கேட்பவரும் பகிர்ந்துகொண்ட ஒரு சாவி இருந்தது. பாரிஸ் ஓவியர் ஒவ்வொருவரும் தன் சாவியைத் தானே செய்துகொண்டார். இன்னொன்று, ‘உள்ளுறை தெய்வம் ஒழிந்ததை நிலமெனக் கொள்ளும் என்ப குறியறிந்தோரே’ என்று தொல்காப்பியம் தெய்வத்தை விலக்கி வைக்கிறது. மோரோவிடமிருந்து தெய்வங்களை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? இயக்கத்தின் பெயர் குறியீட்டியம் என்றே இருக்கட்டும். ஒரு படத்தை விளக்கும்போது ‘இதன் உள்ளுறை’ என்று எழுதலாம், ‘இதன் குறியீடு’ என்பதைவிட அது நேர்மை.

சேகரிப்பில் தாள்தான் குறியீட்டியக் காலத்தின் உயிர்நாடி. ரெதோன் தன் கரிச்சித்திரங்களையும் கல்லச்சுகளையும் (லித்தோகிராஃப்) ‘நுவார்’ என்றார், அதாவது கருமைகள். 1879இல் வந்த அவருடைய முதல் கல்லச்சுத் தொகுப்பு 25 படிகள் மட்டுமே. அவருடைய அச்சுப் படங்களுக்கு ஆந்த்ரே மெலெரியோ 1913இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். இன்றும் விற்பவரும் வாங்குபவரும் ‘மெலெரியோ எண்’ சொல்லித்தான் பேசிக்கொள்கிறார்கள். கரிச்சித்திரம் வாங்குபவருக்கு ஒரு எச்சரிக்கை. தாள் பழுப்புப் பொன்னிறமாக இருப்பதை ரெதோனின் ரசனை என்று உடனே நம்பிவிடக் கூடாது. அவர் நிறத்தாள்களையும் பயன்படுத்தினார். ஒளிபட்டு அந்த நிறம் பல படங்களில் வெளுத்துப்போயிற்று. கரி உதிராமல் இருக்கப் பூசிய பிசினும் மஞ்சள் ஏற்றியது. சட்டகத்தின் ஓரம் மறைத்த பகுதியில் சில வேளை பழைய நிறம் ஒளிந்திருக்கும்.

நிஜச் சேகரிப்பாளர்களில் எனக்குப் பிடித்தவர் ஆந்த்ரீஸ் போங்கர். வின்சென்ட் வான்கோவின் தம்பி தியோவுக்கு மைத்துனர், ஆம்ஸ்டர்டாமில் காப்பீட்டுத் தொழில் செய்தவர். கோடீஸ்வரர் அல்ல. ரெதோனோடு நட்பாகி, ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதி, எமில் பெர்னார்டின் படங்களோடு ரெதோனையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தார். 1996இல் நெதர்லாந்து அரசு அந்தச் சேகரத்தை வாங்கியது. இப்போது வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிகாகோ கலைக்கழகம் இன்னும் எளிய வழியைப் பிடித்தது. 1920இல் ரெதோனின் மனைவியிடமே போய் அச்சுப் படங்களை ஏறக்குறைய முழுத் தொகுப்பாக வாங்கிவிட்டது. மோரோ யாருக்கும் வேலை வைக்கவில்லை. பாரிசில் தன் வீட்டையே அருங்காட்சியகமாக்கி, ஆயிரக்கணக்கான வரைவுகளோடு அரசுக்கு எழுதிவைத்துவிட்டார். அதனால்தான் நல்ல மோரோ சந்தைக்கு வருவது அரிது.

முதல் உலகப் போருக்குப் பின் இந்த ரசனை செத்துக் கிடந்தது. நவீனத்துவர்களுக்கு இவையெல்லாம் தூசு படிந்த வரவேற்பறைச் சாமான்கள். 1960களில் மெல்ல மாறி, 1972இல் லண்டன் ஹேவர்ட் காட்சிக்கூடத்திலும் 1975-76இல் ரோட்டர்டாம் தொடங்கி பாரிஸ் வரையிலும் நடந்த பெரிய கண்காட்சிகளுக்குப் பிறகு விலை ஏறியது. 2012இல் மூங்கின் ‘அலறல்’ பாஸ்டல் வடிவம் சுமார் 12 கோடி டாலருக்குப் போனதைக் குறியீட்டியக் காலத்துக்கான அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது மூங்குக்கான விலை. இரண்டாம் வரிசை பெல்ஜியர்களின் வரைவுகள் இன்னும் சாமானியச் சேகரிப்பாளரின் எட்டில்தான் இருக்கின்றன. அந்த வரிசையில் மேலே நிற்கும் ழான் தெல்வில் தியோசபி என்னும் பிரம்மஞான இயக்கத்தில் ஊறியவர் என்பதால், அவர் ஓவியங்களின் பின்னால் 1882 முதல் சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் நிழலும் விழுகிறது.

சிற்பத்தில் இன்னொரு கிரேக்கச் சொல் வந்து நிற்கிறது: ‘கிரிசலிபன்டைன்’. பொன், தந்தம் என்ற இரு சொற்களின் கூட்டு. தமிழில் ‘பொன்தந்தச் சிற்பம்’ என்றால் போதும். பண்டைக் கிரேக்கச் சிற்பி ஃபிதியாஸ் காலத்து உத்தியை 1890களின் பிரஸ்ஸல்ஸ் மறுபடி எடுத்துக்கொண்டதற்குக் கலை மட்டும் காரணமல்ல. காங்கோவை மன்னர் இரண்டாம் லியோபோல்ட் தன் சொந்தச் சொத்தாக ஆண்டுவந்தார். அங்கிருந்து குவிந்த தந்தத்துக்குச் சந்தை பிடிக்க, காங்கோ நிர்வாகமே சிற்பிகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. 1897இல் தெர்வூரனில் நடந்த காலனியக் காட்சிக்காகச் சார்ல்ஸ் வான் தெர் ஸ்டாப்பன் செய்த, உதட்டில் விரல் வைத்த ஸ்பிங்ஸ் அப்படி வந்தது. அது அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. அப்புறம் அதே வகையில் சிறியதொன்று கடையில் கிடைத்தால் ரசீதும் வயதுச் சான்றும் கேட்காமல் தொடக் கூடாது. பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் விற்பனையைப் பொதுவாகத் தடை செய்கிறது. 1918க்கு முந்தைய, மிக உயர்ந்த கலைமதிப்புள்ள பொருள் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு, அதற்கும் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும்.