டேகேரில் முதலில் ஆயாவைப் பாருங்கள்

"டாக்டர், நம்ம ஊர்ல எந்த டேகேர் நல்லா இருக்கும்?" பாளையங்கோட்டையில் குழந்தை மருத்துவராக இருக்கிற என்னிடம், தடுப்பூசிச் சந்தேகங்களுக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்கிறவர் பெரும்பாலும் லீவு முடியப்போகிற அம்மா. தனியார் வேலை என்றால் 26 வாரம்தான். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கும், அப்போதுதான் உட்காரப் பழகும். தமிழ்நாடு அரசு வேலை என்றால் 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். பிள்ளை எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கும். கேள்வி ஒன்றுதான், ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கும் வேண்டிய கவனிப்பு வேறு வேறு.

கூடவே வந்த ஆச்சி, "எங்க காலத்துல ஏது டேகேரு, நாங்க பிள்ள வளக்கலையா?" என்று முணுமுணுப்பார். அந்த ஆச்சியே பேட்டையிலோ முக்கூடலிலோ பீடி சுற்றிக் குடும்பத்தைத் தாங்கியவராக இருப்பார். இன்றைக்குத் தவழ்கிற பேரன் பின்னால் ஓட அவருக்கு முட்டி இடம் கொடுக்காது. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போவதில் எந்தத் தாயும் தலைகுனிய ஒன்றுமில்லை. யார் கையில் விடுகிறோம் என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

நான் எந்த இடத்தின் பெயரையும் சொல்வதில்லை. போன வருஷம் நன்றாக நடந்த இடம், ஆள் மாறி இந்த வருஷம் கெட்டிருக்கும். என்ன பார்க்கவேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

போய்ப் பார்த்துவிட்டு வருகிற பெற்றோர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஏசி இருக்கிறது, சுவரெல்லாம் கார்ட்டூன் படம் வரைந்திருக்கிறார்கள், கேமராவைப் போனிலேயே பார்க்கலாம். "ஆயா பேரு என்னம்மா?" என்று கேட்டால் தெரியாது. மேடம் பெயர் தெரிந்திருக்கும். பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டுச் சோறூட்டப் போகிறவர் பெயர் தெரியாது. என் அனுபவத்தில் டேகேரின் தரம் என்பது அந்த ஆயாவும், அவர் கையில் எத்தனை பிள்ளைகள் என்பதும்தான். கேமரா நடந்ததைப் பதிவு செய்யும், தூக்க ஆள் தராது. அதுவும் ஹாலில்தான் இருக்கும். பிள்ளை தூங்குகிற அறையைப் பார்த்தபடி இருக்கிறதா என்று கேளுங்கள்.

எண்ணிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வேலை பார்க்கும் இடங்களோடு சேர்ந்த காப்பகங்களுக்காக மத்திய அரசு 2018ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 3 வயதுக்குக் கீழே என்றால் 10 பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற ஒருவரும் அவரோடு ஓர் உதவியாளரும் இருக்கவேண்டும் என்கிறது. 3 வயதுக்கு மேலே 20 பிள்ளைகளுக்கு ஒருவர். இதுவே குறைந்தபட்ச அளவுதான். ஒரு வயது நிறையாத பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒருவருக்கு மூன்று, மிஞ்சிப்போனால் நாலு என்பேன். ஏதாவது ஆபத்து என்றால் ஒரு பெண்ணால் இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக இரண்டு கைப்பிள்ளைகளைத்தான் தூக்கிக்கொண்டு ஓட முடியும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளை இழந்தோம். அதற்குப் பிறகும், ஒரே வாசல் உள்ள வீட்டில், சமையலறையை ஒட்டிய அறையில் பிள்ளைகளைத் தூங்கப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு வாசல் இருக்கிறதா, அது திறக்கிறதா, கேஸ் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். வாய்வார்த்தையை நம்பாமல் கதவைத் திறந்தே பாருங்கள்.

காலை பத்து மணிக்குச் சொல்லிவிட்டுப் போனால் எந்த இடமும் நன்றாகத்தான் இருக்கும். மதியம் பன்னிரண்டரைக்குப் போங்கள். ஒன்று தூக்கத்துக்குச் சிணுங்கும், ஒன்று கக்கா போயிருக்கும், ஒன்று சோற்றைத் துப்பும். அந்த ஒரு மணி நேரத்தில் ஆயாவின் குரல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, கை கழுவிவிட்டு அடுத்த பிள்ளையைத் தொடுகிறாரா என்று கவனியுங்கள். இன்னொரு தடவை சாயங்காலம் ஐந்தரைக்குப் போங்கள். ஊழியர்கள் பாதிப்பேர் கிளம்பியிருப்பார்கள், பெற்றோர் வண்ணார்பேட்டை நெரிசலில் நின்றுகொண்டிருப்பார்கள், மிச்சமிருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஒரே ஆள் பொறுப்பில் இருக்கும். இரண்டு தடவையும் சொல்லாமல்தான் போகவேண்டும். "ரிசப்ஷனைத் தாண்டி யாரையும் விடமாட்டோம், உங்களைப் பார்த்தா பிள்ளைங்க அழும்" என்றால், காரணம் எவ்வளவு நியாயமாகப் பட்டாலும் அந்த இடம் வேண்டாம்.

ஆயா எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று கட்டாயம் கேளுங்கள். ஆறேழு மாதத்துப் பிள்ளை முகம் பார்த்து ஒட்டத் தொடங்குகிற காலம் அது. இரண்டு மாதத்துக்கு ஒரு முகம் மாறினால் அது யாரிடம் ஒட்டும்? கட்டணம் மற்ற இடங்களைவிட ரொம்பக் குறைவு என்றால், அநேகமாக ஆயாவின் சம்பளத்தில்தான் கைவைத்திருப்பார்கள். சம்பளம் கட்டுப்படியாகாத ஆயா நிற்கமாட்டார்.

மேலப்பாளையம், முக்கூடல் பக்கமெல்லாம் டேகேர் என்று போர்டு இருக்காது. தெருவில் ஒரு அக்கா நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். அதில் தவறில்லை, சில வேளை அதுதான் நல்ல இடமாகவும் இருக்கும். ஆனால் அந்த அக்கா பிள்ளைகளை வைத்துக்கொண்டே பீடி சுற்றினால், புகையிலைத் தூள் தரையில் இருக்கும், தவழ்கிற பிள்ளையின் வாய்க்கும் போகும். தட்டையும் தூளையும் பிள்ளைகள் வராத அறைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மாற்ற வழியில்லை என்றால் வேறு ஆள் பாருங்கள்.

இனி தூக்கம். ஒரு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை மல்லாக்கத்தான் படுக்கவைக்கவேண்டும். தலையணை, மெத்துமெத்தென்ற போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் கூடாது. சேலைத் தொட்டில் நம் வீடுகளில் கண் பார்வையிலேயே ஆடும். டேகேரில் மூன்று வயதுப் பையன் அதைப் பிடித்து ஆட்டுவான், இல்லையென்றால் உள்ளே இருக்கிற பிள்ளை எழுந்து துணியில் கழுத்து மாட்டிக்கொள்ளும். அதனால் அங்கே தொட்டில் வேண்டாம், தரைவிரிப்பு போதும். பகல் தூக்கத்துக்கும் கொசுவலை இருக்கிறதா என்று பாருங்கள். டெங்கு கொசு கடிப்பது பகலில். 2012ல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு படுத்தியபாட்டை இந்தச் சீமை மறந்திருக்காது.

பிள்ளை வீட்டுக்கு வந்தும் மந்தமாகவே இருக்கிறதா, தினமும் ஒரே நேரத்தில் மூன்று நாலு மணி நேரம் அசையாமல் தூங்குவதாகச் சொல்கிறார்களா? அப்படியென்றால் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். சில சளி சிரப்புகள் தூங்கவைக்கும். அவற்றில் பரவலாக இருந்த குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கலவையை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. நீங்கள் எழுதிக் கொடுக்காத எந்த மருந்தும், ஒரு சொட்டுகூட, பிள்ளையின் வாய்க்குப் போகக்கூடாது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில் எனக்குப் பெரிய பயம் கடலைதான். வேர்க்கடலை, கடலைமிட்டாய், கொண்டைக்கடலைச் சுண்டல், முழுத் திராட்சை எதையும் 4 வயதுக்குக் கீழே முழுதாகக் கொடுக்கக்கூடாது. சிரிக்கும்போதோ ஓடும்போதோ கடலை மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒரு நிமிஷம் இருமும், பிறகு ஒன்றுமே இல்லாதது போல விளையாடும். இரண்டு வாரம் கழித்து, ஆறாத இருமல் என்று என்னிடம் கொண்டுவருவார்கள். ஒரு பக்க நெஞ்சில் மட்டும் மூச்சுச் சத்தம் குறைந்திருக்கும். "புரையேறிச்சா?" என்று நான் கேட்டபிறகுதான், டேகேரில் யாரோ என்னமோ சொன்ன ஞாபகம் அம்மாவுக்கு வரும். சின்ன விஷயம் என்று நினைத்ததையும் அன்றைக்கே சொல்லும் இடம்தான் நல்ல இடம்.

கைப்பிள்ளைக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்து மூச்சுவிட முடியவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று ஆயாவையே கேளுங்கள். முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, உள்ளங்கையின் அடிப்பகுதியால் நடுநெஞ்சில் ஐந்து அழுத்து. மாறிமாறிச் செய்யவேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டு நோண்டக்கூடாது. ஆயாவுக்குத் தெரியவில்லையென்றால் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். சொல்லிக் கொடுக்க எந்தக் குழந்தை மருத்துவரும் மறுக்கமாட்டார். கற்றுக்கொள்ள அந்த இடம் மறுத்தால் யோசியுங்கள். பொம்மைகளில் பொத்தான் பேட்டரி இருக்கிற மூடி திருகாணி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்குத் தனிக் கவனம் வேண்டும். பாத்ரூமில் அரை வாளித் தண்ணீர் போதும், தவழ்கிற பிள்ளை தலைகீழாக விழுந்தால் எழமுடியாது, சத்தமும் வராது. வாளிகள் கவிழ்த்திருக்கவேண்டும், கதவுக்கு மேல்தாழ் இருக்கவேண்டும், தரைத்தொட்டி மூடிக்குப் பூட்டு இருக்கவேண்டும். பாளையங்கால்வாய் ஓரமோ கோடகன் கால்வாய் ஓரமோ உள்ள வீடு என்றால் வெளிக்கேட்டையும் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரைக்கும் நின்றது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று தெரிந்ததும் யாருக்குப் போன் செய்வீர்கள், பிள்ளைகளை எந்த மாடிக்குக் கொண்டுபோவீர்கள் என்று நடத்துகிறவரிடம் கேளுங்கள். அன்றைக்குக் கரண்டும் இல்லை, பல இடங்களில் போனும் எடுக்கவில்லை. பெற்றோர் நம்பர்களைக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்பது அதனால்தான்.

அடுத்தது சொல்லவே மனம் கனக்கிற விஷயம். சேர்ப்பதற்கு முன்னால் பிள்ளையின் உடம்பை ஒரு தடவை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்புக்குக் கீழே நீலத் திட்டு இருக்கும், அது அடி இல்லை. நடக்கப் பழகுகிற பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் ரத்தம் கட்டுவதும் சகஜம். இரண்டு வயதுப் பிள்ளைகள் ஒன்றையொன்று கடிப்பதும் உண்டு, பல்தடம் சின்னதாக இருக்கும். ஆனால் காது, கழுத்து, முதுகு, வயிறு, புட்டம், தொடையின் உள்பக்கம் இங்கெல்லாம் தானாக விழுந்து ரத்தம் கட்டுவது அபூர்வம். காது திருகுவதையும் தொடையில் கிள்ளுவதையும் தண்டனையாகவே எண்ணாத பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இன்னும் நகரவே தெரியாத பிள்ளையின் உடம்பில் எங்கே ரத்தக்கட்டு இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டவேண்டும். வெளியே ஒரு தடமும் இல்லாமல் வாந்தி, சோர்வு, பால் குடிக்காமை என்று வந்தால், பிள்ளையை யாராவது பிடித்துக் குலுக்கியிருக்கலாம். அது மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கும். இரவென்றும் பாராமல் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ போங்கள்.

சாயங்காலம் குளிப்பாட்டும்போது உடம்பைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எதையாவது பார்த்தால் முதலில் போட்டோ, பிறகு மருத்துவர். காப்பகத்துக்குப் போய்ச் சண்டை போடுவது அதற்கு அப்புறம். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிடலாம். பராமரிக்கும் நிறுவனத்தில் வேலை செய்பவர் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும் உண்டு. பாலியல் குற்றம் என்று சந்தேகம் வந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் எவரும் புகார் சொல்லியே ஆகவேண்டும். "வெளியே தெரிந்தால் அசிங்கம்" என்று மூடிவைத்தால், நாளைக்கு அதே கையில் இன்னொரு பிள்ளை இருக்கும்.

காய்ச்சல் பிள்ளையையும் மறுக்காமல் எடுத்துக்கொள்கிற டேகேர் உங்களுக்கு வசதியாகத் தெரியலாம். அடுத்த வாரம் உங்கள் பிள்ளைக்குக் கை, கால், வாயில் கொப்புளம் வரும். காலையில் பாரசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை அமுக்கிவிட்டுக் கொண்டுபோய் விடாதீர்கள்.

சேர்த்தபின் அழத்தான் செய்யும். எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை அம்மாவைப் பிரிகிற அழுகை வளர்ச்சியின் ஒரு பகுதி. முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று பைய நேரத்தைக் கூட்டுங்கள். விட்டுவிட்டு வந்து பத்து நிமிஷத்தில் ஓய்ந்தால் கவலை வேண்டாம். வாரக்கணக்காகியும் ஓயாமல், அந்த ஆயாவைக் கண்டதும் உடம்பு விறைத்து, எடையும் ஏறாமல் நின்றால் இடத்தை மாற்றுங்கள். கட்டிய பணம் போகட்டும்.

தாய்ப்பால் எடுத்து வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒன்று. வெளியே 4 மணி நேரம் கெடாது என்பது 25 டிகிரிக்குள் இருக்கிற அறைக்குச் சொன்ன கணக்கு. நம் சித்திரை வெயிலுக்கு அது செல்லாது. எடுத்த கையோடு ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும். அதைவிட நல்லது, பக்கத்திலேயே காப்பகம் இருப்பது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் காப்பக வசதி செய்து தரவேண்டும், தாய் ஒரு நாளைக்கு 4 தடவை பிள்ளையைப் போய்ப் பார்த்துவர விடவேண்டும் என்று 2017ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் சொன்னது, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஜவுளிக்கடை, மருத்துவமனை, கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்சாலை என்று எங்கே வேலை பார்த்தாலும் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கம் என்றால், லீவிலிருந்து வந்தவர்களும் போகப்போகிறவர்களுமாக நாலைந்து பேர் சேர்ந்து கடிதமாகக் கொடுங்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். இடம் பார்த்து, நல்ல ஆயாவைத் தேடிப் பிடிக்க அவர்களுக்கும் மாதங்கள் வேண்டும்.