சேலத்தில் விற்பனைக்கு ஒரு பாய்ப்படகு

அழகாபுரம் பக்கம் ஒரு வீட்டு ஷெட்டில், டிரெய்லர் மேல் தார்ப்பாய் போர்த்தி ஒரு பந்தயப் பாய்ப்படகு நிற்கிறது. சென்னையில் வேலை பார்த்து, துறைமுகத்தில் பாய் விரித்துப் பழகி, ஓய்வு பெற்றதும் ஊர் திரும்பிய நண்பருடையது. இப்போது அதை விற்க வேண்டும் என்கிறார். காரோ டிராக்டரோ என்றால் விலை சொல்ல சேலத்தில் ஆளுக்கா பஞ்சம்? இதற்கு யார் விலை சொல்வது, எதைப் பார்த்துச் சொல்வது? பெயின்ட் நன்றாகத்தான் பளபளக்கிறது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்த ரகப் படகில் வாங்குபவர் காசு கொடுப்பது அதன் எடைக் குறைவுக்கு. அந்த எடைக் குறைவு இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதில்தான் நிறைய இயற்பியல் இருக்கிறது.

எடைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? நீரில் ஓடும் படகு அலையை எழுப்பிக்கொண்டே போகிறது. நீரின் மேல் அலை எவ்வளவு நீளமோ அவ்வளவு வேகமாக நகரும். எனவே படகின் வேகம் கூடக்கூட அது எழுப்பும் அலையும் நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் ஒரு முகடு படகின் மூக்கிலும் அடுத்த முகடு பின்முனையிலும் வந்து நிற்கும். அதற்கு மேல் வேகம் எடுத்தால் பின்பக்கம் அலையின் பள்ளத்தில் இறங்கிவிடும். படகு தான் எழுப்பிய அலையிலேயே மேடேற வேண்டி வரும். நீர்மட்டத்தில் 6.25 மீட்டர் நீளம் உள்ள படகுக்கு இந்த எல்லை நொடிக்கு 3.1 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 11 கிலோமீட்டர். கனமான படகு எவ்வளவு பெரிய பாயை விரித்தாலும் அங்கேயே மல்லுக்கட்டும்.

எடை குறைந்து, அடிப்பாகமும் தட்டையாக இருந்தால் கதை மாறுகிறது. நல்ல காற்றில் நீர் அடியிலிருந்து தரும் உந்துதலே படகைத் தூக்கிவிடும். படகு தன் அலையைத் தாண்டி நீர்ப்பரப்பின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். 2012-ல் அறிமுகமான ஜே/70 என்ற படகு இதற்கு நல்ல உதாரணம். 6.93 மீட்டர் நீளம், சுமார் 800 கிலோ எடை, கார்பன் பாய்மரம், மேலே தூக்கிவிடக்கூடிய கீல். கீல் என்பது படகு கவிழாமல் இருக்க அடியில் இறங்கும் பலகை, நுனியில் ஈயக் குண்டு இருக்கும். அதைத் தூக்கிவிட்டால் டிரெய்லரில் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போகலாம். பலத்த காற்றில் அது மேலே சொன்ன எல்லையைப் போல இரண்டு மடங்கு வேகம் எடுக்கும். நண்பரின் படகும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

இவ்வளவு குறைந்த எடையில் விறைப்பு எப்படி வருகிறது? பார்சல் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பார்த்தால் இரண்டு மெல்லிய தாள்களுக்கு நடுவே காற்றும் மடிப்பும்தான் இருக்கும். படகின் சுவரும் அதே வித்தைதான். இரண்டு மெல்லிய ஃபைபர் தோல்கள், நடுவே ஃபோம் அல்லது பால்சா மரம். ஒரு தகடு வளையும்போது ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் நசுங்கும், நடுப்பகுதி பெரிதாக வேலை செய்வதில்லை. தோல்களை ஒன்றைவிட்டு ஒன்று தள்ளிவைத்து, மொத்தத் தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு ஏழு மடங்காகும். நடுவில் தேன்கூடு போன்ற லேசான பொருளை வைத்தால் எடை மூன்று நான்கு சதவீதம்தான் கூடும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நடுப்பொருள் இரண்டு தோல்களையும் விடாமல் பிடித்திருக்க வேண்டும். பிடி விட்டால் கையில் மிஞ்சுவது இரண்டு தனித்தனி மெல்லிய தகடுகள்.

அந்தப் பிடியைக் கெடுப்பது தண்ணீர். மேல்தளத்தில் கயிறு கட்டும் கிளீட், கப்பி, கம்பி எல்லாம் துளை போட்டு முடுக்கியவை. துளையைச் சுற்றி அடைத்த சீலண்ட் வெயிலில் காய்ந்து வெடிக்கும். கயிறு ஒவ்வொரு முறை இழுபடும்போதும் அந்த இடம் கொஞ்சம் அசையும், மழை நீர் சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். 12 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டர் பால்சா காய்ந்த நிலையில் இரண்டு கிலோகூட வராது. மரத்தில் பெரும்பகுதி வெற்றிடம் என்பதால், முழுக்க ஊறினால் பத்து கிலோ வரை தண்ணீரைக் குடிக்க இடம் உண்டு. அப்புறம் மரம் உளுத்துவிடும். வெளியே பெயின்ட் மட்டும் அப்படியே பளபளக்கும்.

கண்டுபிடிக்க முதல் கருவி ஐந்து ரூபாய் நாணயம். படகின் மேல் வரிசையாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இடத்தில் ‘டிக்’ என்று கூர்மையாகக் கேட்கும், கெட்ட இடத்தில் ‘டப்’ என்று மழுங்கிக் கேட்கும். தோல் பிரிந்த இடம் இளக்கமாக இருப்பதால் நாணயம் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் கொஞ்சம் கூடுகிறது. மோதல் நீண்டால் அதில் உயர் அதிர்வெண்கள் எழும்புவதில்லை, அதனால்தான் ஒலி மந்தம். காது பழக அரை மணி நேரம் போதும். மழுங்கிய இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது ஈரமானி. சிறு மின்புலத்தைச் சுவருக்குள் அனுப்பி, அங்கே உள்ள பொருள் அதற்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்று அளக்கும் கருவி. அந்த ஈடுகொடுப்பைச் சொல்லும் எண்ணான மின்காப்பு மாறிலி தண்ணீருக்கு சுமார் 80, கண்ணாடி இழை ஃபைபருக்கு நான்கைந்துதான். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் முள் எகிறும். ஆனால் கார்பன் இழையால் ஆன பாகங்களில் இந்தக் கருவியை நம்பக் கூடாது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் காய்ந்த சுவரையும் ஈரம் என்று சொல்லும். இது தெரியாமல் விலையைக் குறைப்பவர்கள் உண்டு, தெரிந்தே குறைப்பவர்களும் உண்டு.

எனக்குப் பிடித்த மூன்றாவது முறைக்கு சேலத்து வெயிலே உதவி செய்கிறது. ஏப்ரல் மாதத்தில் படகைப் பகல் முழுக்க வெளியே நிறுத்துங்கள். சூரியன் இறங்கிய பிறகு வெப்பப் படக்கேமராவில் பாருங்கள். தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கவும் ஆற்றவும் நிறைய வெப்பம் தேவை. அதனால் காய்ந்த சுவர் சீக்கிரம் ஆறிவிடும், ஈரம் கோத்த இடம் மட்டும் வெகுநேரம் சூடாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். நண்பரின் படகில் இப்படித்தான் ஒரு கிளீட்டைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு தெரிந்தது. நாணயமும் ஈரமானியும் அதே இடத்தைத்தான் காட்டின. மூன்றும் ஒத்துப்போனால் சந்தேகம் வேண்டாம்.

எடை மேடையில் நிறுத்திப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். சவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு லாரி போகும் ஊரில் எடை மேடைக்கா பஞ்சம்! ஆனால் லாரிக்கான மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும், சில இடங்களில் இருபது. 800 கிலோ படகில் இருபது கிலோ நீர் ஏறியிருந்தால் பந்தயத்தில் அது பெரிய விஷயம், மேடைக்கோ அது கண்ணில் படாத விஷயம். சின்ன மேடையாகத் தேடுங்கள். டிரெய்லரைத் தனியாகவும் எடை போடுங்கள்.

‘ஏற்காடு ஏரியில் ஓட்டிக் காட்டினால் என்ன?’ என்று நண்பர் கேட்டார். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் டிரெய்லரை இழுத்துப் போய், அனுமதியும் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு, ஒரே வேகத்தில் வீசினாலும் பாயின் மேல் விசை அந்த அளவுக்குக் குறையும். இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சுற்றிலும் மரமும் மேடும் உள்ள சின்ன ஏரியில் காற்று நிலையாக வீசாது, சுழன்று சுழன்று அடிக்கும். படகு வழுக்கி ஓடத் தொடங்கும் முன் கரை வந்துவிடும். படம் எடுக்க அழகான இடம், அவ்வளவுதான். வாங்குபவர் பெரும்பாலும் சென்னை, மும்பைக்காரராக இருப்பார், அவருக்கு இந்தக் காட்சியால் எதுவும் நிரூபணமாகாது.

பாய்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புற ஊதாக் கதிரும் படபடப்பும் துணியை இளக்கிவிடும், வளைவின் ஆழமான பகுதி பின்னால் நகர்ந்துவிடும், முன்னோக்கித் தள்ள வேண்டிய விசை படகைச் சாய்க்கப் போய்விடும். பழைய பாய் என்றால் பழையது என்றே சொல்லிவிடலாம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் மட்டும் கவனம் வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் காப்பது அதன் மேலுள்ள குரோமிய ஆக்சைடு படலம், அந்தப் படலம் சேதமானால் திரும்ப உருவாக ஆக்சிஜன் வேண்டும். கம்பி முனைக் குழாய்க்குள் நுழையும் இடத்தில் உப்பு நீர் தேங்கும், காற்று போகாது. சென்னையில் கடல் கண்ட கம்பி அங்கேதான் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக டிரெய்லர். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு இழுக்கும் வண்டியின் கொக்கி மேல் இறங்க வேண்டும். படகு பின்னால் தள்ளி உட்கார்ந்து பின்பாரம் கூடினால், ஒரு வேகத்துக்கு மேல் சின்ன ஆட்டம் அடங்குவதற்குப் பதில் ஒவ்வொரு முறையும் பெரிதாகிக்கொண்டே போகும். வண்டியிலிருந்து கழற்றிய டிரெய்லரின் முன்முனையைத் தாங்கும் சின்னச் சக்கரத்துக்கு அடியில் வீட்டு எடை மெஷினை வைத்தே இதை அளந்துவிடலாம். சக்கர பேரிங்கையும் பார்க்க வேண்டும். சேலத்திலிருந்து சென்னைக்கு 340 கிலோமீட்டர் ஓடிச் சூடான சக்கரத்தை அப்படியே தண்ணீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மூடியைக் கழற்றிப் பாருங்கள். கிரீஸ் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஐந்து ரோடு பக்கம் எந்த மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் ஒரே நாளில் மாற்றித் தருவார். விளம்பரம் போடும் முன் அதை முடித்துவிடச் சொல்லி நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். கிளீட் பக்கத்துச் சாக்பீஸ் வட்டத்தை மட்டும் அழிக்க வேண்டாம் என்றேன். அதில் அவருக்குச் சம்மதமில்லை.