அம்மாவைத் தூக்காதீர்கள், எழ வையுங்கள்

பக்கவாதம் வந்த மாமியாருக்கு நான் பயிற்சி கொடுக்கப் போகிற வீட்டில், மூன்றாவது வாரம் மருமகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறக்கிறார். இந்த மாதம் மட்டும் மூன்று வீடுகளில் இதே நிலை. பார்த்துக்கொள்கிறவரும் படுத்துவிட்டால் அந்த வீட்டில் யார் யாரைப் பார்ப்பது?

கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "அம்மா ஒல்லிதாங்க, 45 கிலோகூட இருக்க மாட்டாங்க." இந்தக் கணக்குதான் முதுகை ஒடிக்கிறது. 25 கிலோ அரிசி மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவிடலாம். அது பயந்துபோய் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளாது, பாதி வழியில் கால் மடங்கிச் சரியாது. மனிதரைக் கையால் தூக்குவதற்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் வரம்பு 35 பவுண்டு, சுமார் 16 கிலோ. அதுவும் நோயாளி ஒத்துழைத்தால், உடலோடு ஒட்டிப் பிடிக்க முடிந்தால். உங்கள் ஒல்லி அம்மா அந்த வரம்பைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கட்டில், கழிப்பறை, குளியல், சாப்பாடு என்று ஒரு நாளில் எத்தனை முறை தூக்குகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டால் தப்பிக்கலாம் என்பதும் தவறு. பெல்ட் தைரியத்தைத்தான் தரும். அந்தத் தைரியத்தில் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தூக்குவீர்கள்.

அக்குளில் கைவிட்டு இழுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பக்கவாதம் வந்த பக்கம் தசை தளர்ந்து, தோள் மூட்டு ஏற்கெனவே கொஞ்சம் இறங்கியிருக்கலாம். இழுக்க இழுக்க வலி ஏறும். பிறகு பயிற்சிக்குக்கூட அந்தக் கையைத் தொட விடமாட்டார்கள்.

சரியான முறை இது. நாற்காலியை அவருடைய பலமான பக்கத்தில், கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாகப் போடுங்கள். வீல்சேர் என்றால் பிரேக் போட்டு, கால் வைக்கும் தட்டை மடக்கிவிடுங்கள். முழங்காலை மடக்கி ஒருக்களிக்க வைத்து, கால்களைக் கீழே இறக்கி, அவரையே முழங்கையை ஊன்றி எழச் சொல்லுங்கள். விளிம்பில் ஒன்றிரண்டு நிமிடம் உட்காரட்டும். உடனே நிற்க வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். இனிமேல்தான் முக்கியமான இடம். பாதம் இரண்டும் தரையில் பதிந்து, குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனியச் சொல்லுங்கள். குனிந்தால் புட்டம் தானாக எழும். குனியாமல் எழுப்பப் பார்ப்பதால்தான் முழு எடையும் உங்கள் மேல் விழுகிறது. இடுப்பைச் சுற்றி இறுக்கமாகக் கட்டிய துண்டை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலை முன்வைத்து, உங்கள் முழங்காலால் அவருடைய பலவீனமான முழங்காலுக்கு அண்டை கொடுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி இருவரும் சேர்ந்து எழுங்கள். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் சின்னச் சின்ன அடியாக எடுத்து வையுங்கள்.

இதற்குக் கட்டில் உயரமும் சரியாக இருக்க வேண்டும். உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியவேண்டும், முழங்கால் இடுப்பைவிட உயரக் கூடாது. பலருக்கு 18 முதல் 20 அங்குலம் சரிவரும். தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்துவிட்டு முதுகு வலிக்கிறது என்றால் நான் என்ன மருந்து சொல்வது? கமோடு நாற்காலி ஒன்று வாங்கிக் கட்டிலருகே போட்டால், தூக்கி இறக்குகிற பாதி வேலை குறையும்.

படுக்கையில் கீழே சரிந்துவிட்டால் தனியாக இழுக்காதீர்கள். பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடைவரை அடியில் விரித்து வையுங்கள். இரண்டு பேர் இரு பக்கமும் புடவையைப் பிடித்து நகர்த்தினால் போதும், தோலும் உரசாது.

விழுந்துவிட்டால் பதறித் தூக்க வேண்டாம். இடுப்பில் கடும் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருப்பது, தலையில் அடி, இவற்றில் எது இருந்தாலும் அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். அடி இல்லை, அவருக்குத் தெம்பும் இருக்கிறது என்றால், ஒருக்களித்து, மண்டியிட்டு, முன்னால் ஒரு நாற்காலியைப் பிடித்து அவரே எழட்டும். எழுந்ததும் உட்கார, அவருக்குப் பின்னால் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து வையுங்கள்.

உங்களுக்கும் பிரஷர், சுகர் மாத்திரை இருந்தால், அவருக்குக் கொடுக்கும்போது உங்களுடையதையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், மறக்காது. ஆனால் இருவருக்கும் ஒரே டப்பா வேண்டாம், மாறிவிட்டால் ஆபத்து. இரவில் புரட்டிவிடும் வேலையை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வலி இடுப்போடு நிற்காமல் காலில் இறங்கி மரத்தாலோ பாதம் தூக்க முடியாமல் போனாலோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். கவட்டைப் பகுதி மரத்துப்போய், சிறுநீர் வராமலோ அடக்க முடியாமலோ இருந்தால் அன்றே மருத்துவமனை. நாளைக்கு என்று தள்ளினால் சரிசெய்ய முடியாமல் போகலாம்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வருகிறவரிடம் பயிற்சியோடு நிறுத்தாமல், எழ வைக்கும் முறையை உங்கள் கையால் ஒருமுறை செய்துகாட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்ப் பிள்ளைகளே, தினமும் போன் செய்து "அம்மா சாப்பிட்டாங்களா?" என்று கேட்கிறீர்கள். பக்கத்தில் நிற்பவரிடம் "நீங்க ராத்திரி தூங்கினீங்களா?" என்றும் கேளுங்கள். மாதத்துக்கு நான்கு நாள் வந்து தங்கி, அவரை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு அம்மாவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.